உடல் கண்ணுக்கு மட்டும் ஏன் சலுகை தருகிறது? பீட்டர் மெடவாரின் கதை

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்தக் கிட்னி வேலை செய்யும் காலம் முழுக்க மாத்திரை போட வேண்டும். ரத்த வகை சேருகிறதா, திசு சேருகிறதா என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே ஏகப்பட்ட பரிசோதனைகள் வேறு. ஆனால் கண் தானத்தில் கதையே வேற. இறந்தவரின் கார்னியாவை, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் படலத்தை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பொருத்துகிறார்கள். திசுப் பொருத்தம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பலருக்குச் சொட்டு மருந்தே போதுமானதாக இருக்கிறது.

இரண்டுமே இன்னொருத்தர் உடலில் இருந்து வந்தவைதான். அப்புறம் ஏன் கிட்னியைத் துரத்தப் பார்க்கும் உடல், கார்னியாவைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் பீட்டர் மெடவார். இத்தனைக்கும் அவர் கண் டாக்டர் இல்லை. டாக்டரே இல்லை, விலங்கியல் படித்தவர்!

யார் இந்த மெடவார்?

1915 பிப்ரவரி 28-ல் பிரேசில் நாட்டின் பெட்ரோபோலிஸ் நகரில் பிறந்தவர். அப்பா லெபனானில் பிறந்தவர், அம்மா ஆங்கிலேயர். அப்பா ரியோ டி ஜெனிரோவில் பல் மருத்துவப் பொருட்களை விற்கும் தொழில் செய்தார். படிப்புக்காகச் சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பீட்டர், 1932-ல் ஆக்ஸ்போர்டின் மாடலின் கல்லூரியில் சேர்ந்தார். விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியபோது வயது 20.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் ஹோவர்ட் ஃப்ளோரியின் ஆய்வகம். பென்சிலினை மருந்தாக மாற்றி உலகத்துக்குக் கொடுத்தாரே, அதே ஃப்ளோரி. அறுந்துபோன நரம்புகளை, அடர்த்தியாக்கிய ரத்தப் பிளாஸ்மாவைப் பசை மாதிரி பயன்படுத்தி ஒட்ட முடியுமா என்பது மெடவாரின் ஆரம்பகால ஆராய்ச்சிகளில் ஒன்று. 1937-ல், கூடப் படித்த ஜீன் டெய்லரைத் திருமணம் செய்துகொண்டார்.

தோட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்த விமானம்

1940 கோடைக்காலம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆக்ஸ்போர்டில் மெடவார் குடும்பம் வீட்டுத் தோட்டத்தில் இருந்தபோது, கொஞ்ச தூரத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தது. விமானி உயிர் பிழைத்தார். ஆனால் உடலின் பெரும்பகுதி வெந்துபோயிருந்தது.

அந்த நோயாளியைப் பார்த்து ஏதாவது யோசனை சொல்ல முடியுமா என்று மருத்துவர்கள் மெடவாரிடம் கேட்டார்கள். பிரச்சினை இதுதான்: தீக்காயத்தை மூடத் தோல் வேண்டும். நோயாளியின் சொந்தத் தோலை இன்னொரு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் உடலில் பாதிக்கு மேல் வெந்துபோனவரிடம் எடுப்பதற்குத் தோல் எங்கே இருக்கும்? அடுத்தவர் தோலை ஒட்டினால் சில நாட்கள் நன்றாக இருக்கும், அப்புறம் உரிந்து விழுந்துவிடும். இது ஏன் நடக்கிறது என்பது தெளிவாக நிரூபிக்கப்படாமல் இருந்தது.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் மெடவாரை கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அனுப்பியது. அங்கே அறுவை சிகிச்சை நிபுணர் தாமஸ் கிப்ஸனோடு சேர்ந்து வேலை பார்த்தார். கடுமையான தீக்காயத்தோடு வந்திருந்த 22 வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய சொந்தத் தோலிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளையும், அவருடைய சகோதரரின் தோலிலிருந்து அதே மாதிரித் துண்டுகளையும் ஒட்டிக் கவனித்தார்கள். சொந்தத் தோல் நிலைத்தது. சகோதரரின் தோல் முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு அழிந்தது.

இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்து நடந்ததுதான் திருப்பம். அதே சகோதரரின் தோலை இரண்டாவது முறை ஒட்டினார்கள். இந்த முறை அது இன்னும் சீக்கிரமாக அழிந்துபோனது.

இதில் என்ன விசேஷம்? ஒருமுறை அம்மை வந்தால் உடல் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அல்லவா? அடுத்தமுறை அதே கிருமி வந்தால் வேகமாகத் தாக்கும். தோல் விஷயத்திலும் அதே ஞாபகம் வேலை செய்திருக்கிறது. அப்படியென்றால் அடுத்தவர் தோல் ஒட்டாமல் போவதற்கு அறுவை சிகிச்சைக் கோளாறு காரணமில்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியனாகப் பார்த்துத் தாக்குகிறது. இதற்கு முன்பே சிலர் இப்படிச் சந்தேகப்பட்டிருந்தார்கள். ஆனால் ஒரு நோயாளியின் முடிவை மட்டும் வைத்து நிறுத்திவிடாமல், மெடவார் முயல்களில் மறுபடி மறுபடி சோதித்து இதை உறுதிப்படுத்தினார். கிப்ஸனோடு எழுதிய கட்டுரை 1943-ல் வெளியானது. முயல் ஆய்வுகள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெளிவந்தன.

கண்ணுக்குள் ஒட்டிய தோல்

1947-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 32. அங்கே அவர் முடித்த ஒரு ஆய்வுதான் கண் மருத்துவத்துக்கும் அவருக்கும் நிரந்தர உறவை ஏற்படுத்தியது.

அடுத்தவர் தோலை உடல் தாக்குகிறது, சரி. உடலின் எல்லா இடத்திலும் தாக்குமா? முயலின் தோலை இன்னொரு முயலின் மூளைக்குள்ளும், கண்ணின் முன்னறைக்குள்ளும் வைத்துப் பார்த்தார். முன்னறை என்பது கார்னியாவுக்கும் கருவிழித்திரைக்கும் நடுவே உள்ள சின்ன இடம். தெளிவான ஒரு திரவம் அதை நிரப்பியிருக்கும். கார்னியாவில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்குத் தேவையான சத்தின் பெரும்பகுதி இந்தத் திரவத்திலிருந்துதான் வருகிறது.

முடிவு வியப்பாக இருந்தது. மார்பில் ஒட்டினால் சில நாட்களில் அழிந்துபோகிற அதே அந்நியத் தோல், கண்ணுக்குள் பிழைத்துக் கிடந்தது. ரத்தக் குழாய்கள் வளர்ந்து அதற்குள் புகாத வரை அதற்கு ஆபத்து இல்லை. ரத்தக் குழாய் புகுந்துவிட்டால், ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உருவாகியிருந்த முயலில் அந்தத் தோல் அழிந்தது.

இந்த ஆய்வு 1948-ல் வெளியானது. கண்ணுக்குள் வைத்த திசு நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் கவனித்திருந்தார்கள். 1905-லேயே எட்வர்ட் ஸிர்ம் என்ற கண் மருத்துவர், இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலோமோட்ஸ் நகரில், வெற்றிகரமாகக் கார்னியா மாற்று சிகிச்சை செய்திருந்தார். அது ஏன் வெற்றி பெற்றது என்பதை நோய் எதிர்ப்பு என்ற கோணத்தில் விளக்கியதில்தான் மெடவாரின் பங்கு இருக்கிறது.

அவருடைய விளக்கத்தை எளிமையா இப்படிச் சொல்லலாம். நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு போலீஸ் படை என்றால், தகவல் போக ஒரு வழி வேண்டும், படை வர ஒரு வழி வேண்டும். நிணநீர்க் குழாய்கள் தகவல் போகும் வழி. ரத்தக் குழாய்கள் படை வரும் வழி. கண்ணின் முன்பகுதியில் இரண்டுமே ரொம்பக் குறைவு. உள்ளே அந்நியன் இருப்பதே வெளியே தெரியவில்லை. இந்த நிலைக்குத்தான் ‘இம்யூன் பிரிவிலேஜ்’, அதாவது நோய் எதிர்ப்புச் சலுகை என்ற பெயர் பின்னாளில் நிலைத்தது.

இன்றும் கண் மருத்துவர்கள் இதை நேரடியாகப் பார்க்கிறார்கள். தெளிவான, ரத்தக் குழாய் இல்லாத கண்ணில் வைக்கப்படும் கார்னியாவுக்கு வாய்ப்பு அதிகம். ரசாயனம் பட்டோ தொற்று வந்தோ கார்னியாவுக்குள் ரத்தக் குழாய் வளர்ந்துவிட்ட கண்ணில், புதுக் கார்னியாவை உடல் நிராகரிக்கும் ஆபத்து கூடுகிறது.

மாடுகள் சொன்ன பாடம்

அதே 1948-ல் ஸ்டாக்ஹோமில் மரபியல் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே ஹக் டொனால்ட் என்ற கால்நடை ஆய்வாளர் மெடவாரிடம் ஒரு சிக்கலைச் சொன்னார். ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு கன்றுகள் ஒரே கருவிலிருந்து வந்தவையா, தனித்தனிக் கருவிலிருந்து வந்தவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது சுலபம் என்று நினைத்தார் மெடவார். தோலை மாற்றி ஒட்டிப் பாருங்கள். ஒரே கரு என்றால் பிடிக்கும், இல்லையென்றால் உரிந்து விழும். அவ்வளவுதான்!

அவரும் சக ஆய்வாளர் ரூபர்ட் பில்லிங்ஹாமும் பர்மிங்ஹாமுக்கு வெளியே இருந்த ஆய்வுப் பண்ணைக்குப் போய்ச் செய்துபார்த்தார்கள். கணிப்பு தப்பாகிப்போனது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த கன்றுகள்கூட ஒன்றின் தோலை இன்னொன்று ஏற்றுக்கொண்டன. ஆண் கன்றும் பெண் கன்றுமாகப் பிறந்த ஜோடிகளிலும் இதே முடிவு!

காரணம், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் 1945-ல் வெளியிட்டிருந்த ஆய்வில் இருந்தது. இரட்டைக் கன்றுகள் தாயின் கருப்பையில் இருக்கும்போதே அவற்றின் ரத்த ஓட்டம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. அதனால் ஒன்றின் ரத்த அணுக்கள் இன்னொன்றின் உடலில் நிரந்தரமாகக் குடியேறிவிடுகின்றன. பிறப்பதற்கு முன்பே பழகிய அணுக்களை உடல் பிறகு அந்நியனாகப் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலிய விஞ்ஞானி மெக்ஃபார்லேன் பர்னெட், இப்படி நடக்க முடியும் என்று 1949-ல் ஃபிராங்க் ஃபென்னரோடு எழுதிய புத்தகத்தில் கணித்திருந்தார்.

பழுப்பு எலியின் முதுகில் வெள்ளைத் தோல்

1951-ல் மெடவார் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்கு மாறினார். பில்லிங்ஹாமும் கூடவே வந்தார். லெஸ்லி பிரெண்ட் என்ற மாணவரும் குழுவில் இருந்தார். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றி பிரிட்டனுக்கு அனுப்பிய ரயில் பயணத்தில் தப்பி வந்த யூதச் சிறுவன்தான் இந்த பிரெண்ட்.

மூவரும் செய்த சோதனை இது. பழுப்பு நிற எலி இனத்தின் குட்டிகள் இன்னும் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே, வெள்ளை எலி இனத்தின் அணுக்களை அவற்றுக்குள் செலுத்தினார்கள். குட்டிகள் பிறந்து வளர்ந்த பிறகு, அதே வெள்ளை இனத்தின் தோலை அவற்றின் மேல் ஒட்டினார்கள். சாதாரணமாக இது பத்துப் பதினைந்து நாளில் உரிந்துவிட வேண்டும். ஆனால் சில எலிகளில் தோல் நிலைத்து நின்றது. பழுப்பு முதுகில் வெள்ளை முடி வளர்ந்தது.

மூன்றாவது ஒரு இனத்தின் தோலை ஒட்டினால் அதே எலிகள் அதைத் துரத்திவிட்டன. ஆக, எலியின் எதிர்ப்புச் சக்தி அப்படியேதான் இருந்தது. ஒரு குறிப்பிட்ட அந்நியனை மட்டும் சொந்தமாக ஏற்றுக்கொள்ளக் கற்றிருந்தது. மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது.

இந்தக் கட்டுரை 1953-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. நான் யார், அந்நியன் யார் என்ற பட்டியல் பிறவியிலேயே எழுதி முடிக்கப்பட்டதல்ல, உடல் அதைக் கற்றுக்கொள்கிறது, ஆரம்பத்தில் தலையிட்டால் அதைத் திருத்தவும் முடியும் என்பதை அது காட்டியது. உறுப்பு மாற்று நடக்காத காரியம் என்று நினைத்திருந்த மருத்துவர்களுக்கு இது பெரிய தெம்பு. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே, ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரர்களுக்கு இடையே கிட்னி மாற்று சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார்.

1960-க்கான மருத்துவ நோபல் பரிசு பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் சேர்த்துக் கிடைத்தது. பில்லிங்ஹாம், பிரெண்ட் பெயர்கள் அதில் இல்லை. மெடவார் தன் பங்குப் பணத்தில் இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார். ஆராய்ச்சியில் யாருடைய உழைப்பு யாருடைய பெயரில் போகிறது என்ற சண்டை இன்றும் ஓயாத நிலையில், இது கவனிக்க வேண்டிய விஷயம்.

பக்கவாதத்துக்குப் பிறகும்

1962-ல் லண்டன் மில் ஹில்லில் உள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார். 1965-ல் சர் பட்டம் கிடைத்தது. நிர்வாக வேலைக்கு நடுவிலும் ஆய்வகத்தை விடவில்லை. நிராகரிப்பைச் செய்யும் வெள்ளை அணுக்களை அடக்கும் சீரம் பற்றி அங்கே ஆராய்ந்தார்.

1969 செப்டம்பர். பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மெடவார், எக்ஸிட்டர் தேவாலயத்தில் வேதப் பகுதி வாசித்துக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் தாக்கியது. அப்போது வயது 54. உடலின் இடது பக்கம் செயலிழந்தது. இயக்குநர் பதவியை 1971-ல் விட்டார். ஆனால் ஆராய்ச்சியை விடவில்லை. நார்த்விக் பார்க்கில் இருந்த மருத்துவ ஆய்வு மையத்தில் தொடர்ந்து வேலை பார்த்தார்.

அவருடைய நிறைய புத்தகங்கள் இதற்குப் பிறகு வந்தவைதான். மனைவி ஜீனோடு சேர்ந்தும் எழுதினார். 1979-ல் வெளியான, இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரை சொல்லும் புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. ஒரு கருத்தை எவ்வளவு உறுதியாக நம்புகிறோம் என்பதற்கும் அது உண்மையா என்பதற்கும் சம்பந்தமில்லை என்று அதில் இளைஞர்களை எச்சரித்தார். மறுபடியும் பக்கவாதம் வந்தது. 1987 அக்டோபர் 2-ல் லண்டனில் காலமானார். வயது 72.

அவர் சொன்னதில் பாதிதான் கதை

கண்ணைப் பற்றிய மெடவாரின் விளக்கம் அப்படியே நிற்கிறதா? முழுசா இல்லை. அவர் பார்த்தது வழிகள் அடைபட்டிருந்த ஒரு கோட்டையை. பின்னால் வந்தவர்கள் அந்தக் கோட்டைக்குள் பேச்சுவார்த்தையே நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் முக்கியமானவர் வெய்ன் ஸ்ட்ரெய்லீன். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பில்லிங்ஹாமிடம் பயிற்சி பெற்றவர். அந்த வகையில் மெடவாரின் ஆராய்ச்சிப் பரம்பரையில் மூன்றாம் தலைமுறை. 1977-ல் ஹென்றி கப்ளானும் அவரும் வெளியிட்ட ஆய்வு, கண்ணின் முன்னறையில் வைக்கப்படும் அந்நியப் பொருள் பற்றிய தகவல் வெளியே போகத்தான் செய்கிறது என்று காட்டியது. அந்தத் தகவலைக் கேட்டு உடல் சண்டைக்குக் கிளம்புவதில்லை, சண்டையை அடக்குகிறது. கண்ணிலிருந்து கிளம்பும் அணுக்கள் மண்ணீரலுக்குப் போய், இதைத் தாக்காதே என்ற பாடத்தைச் சொல்லித்தருகின்றன என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கும் திரவத்திலேயே எதிர்ப்பைத் தணிக்கும் புரதங்கள் உண்டு. தாக்க வரும் வெள்ளை அணுக்களைச் சாகவைக்கும் புரதமும் கண்ணின் திசுக்களில் இருக்கிறது என்று 1995-ல் இன்னொரு குழு கண்டறிந்தது.

கண்ணுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஏற்பாடு? யோசிச்சுப் பாருங்க. கையில் அடிபட்டால் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது. அதுதான் அழற்சி. கிருமியைக் கொல்லும் வேகத்தில் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் சேதமாகும். கையில் அது ஒரு தழும்போடு போய்விடும். கார்னியாவின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதில் தழும்பு விழுந்தால் ஒளி போகாது. அதன் உட்புற அணுக்களும் விழித்திரையின் நரம்பணுக்களும் அழிந்தால் மறுபடி முளைக்காது. அதனால் கண்ணில் பெரிய போர் நடந்தால், கிருமி தோற்றாலும் பார்வை போய்விடும்.

இந்தச் சமாதானம் உடையும்போது என்ன ஆகும் என்பதற்கு யுவைட்டிஸ் என்ற கண் அழற்சி ஒரு உதாரணம். சில வகைகளில் கிருமியே இருக்காது. உடல் தன் சொந்தக் கண்ணையே தாக்கும். அரிதாக, ஒரு கண்ணில் ஆழமான காயம் பட்டால், சில வாரங்களோ மாதங்களோ கழித்து அடிபடாத இன்னொரு கண்ணிலும் அழற்சி வரும். காயத்தால் வெளிப்பட்ட கண்ணின் புரதங்களை எதிர்ப்பு மண்டலம் அந்நியமாகப் பார்த்துவிடுவதே காரணம் என்று கருதப்படுகிறது.

அதனால் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வையும் மங்கினால் மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கார்னியா மாற்று செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் அவசரம். சலுகை என்பது நிரந்தர உத்தரவாதம் இல்லை. நிராகரிப்பு ஆரம்பத்திலேயே தெரிந்தால் பல நேரங்களில் மருந்தால் அடக்கிவிட முடியும்.

மெடவார் விரும்பியது இன்னும் பெரிசு. உறுப்பு மாற்று சிகிச்சையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது எதிர்ப்புச் சக்தியை மொத்தமாகக் குறைக்கும் மருந்துகள்தான். அவற்றைச் சாப்பிடும் நோயாளிகள் தொற்றுக்கும் சில வகைப் புற்றுநோய்களுக்கும் கூடுதலாகப் பயப்பட வேண்டியிருக்கிறது. அந்தப் பழுப்பு எலியைப் போல, ஒரு உறுப்பை மட்டும் சொந்தமாக ஏற்றுக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எதிர்க்கும் உடலை மனிதர்களில் உருவாக்குவது மிகச் சிலரிடம்தான் இதுவரை கைகூடியிருக்கிறது. அதைச் செய்யும் வழிகளைத் தேடுபவர்கள் படிக்கும் பாடப்புத்தகங்களில் கண்ணும் ஒன்று.